விரல் அறிந்த பொத்தான்கள்

புதிய கார் ஒன்றின் உள்ளே ஏறி அமர்ந்ததும் எவருக்கும் ஒரு வியப்புத் தோன்றுவது இயல்பே. வட்ட முகம் கொண்ட அளவிகளும், இழுக்கும் குமிழ்களும், தட்டிவிடும் விசைகளும் நிறைந்திருந்த முகப்புப் பலகை இன்று துடைத்துவிட்ட சிலேட்டைப் போல் வெறுமையாய் இருக்கிறது. அதன் நடுவே பெரியதொரு தொடுதிரை ஒளிர்கிறது. குளிரூட்டி, வானொலி, விளக்கு, சில கார்களில் வைப்பரின் வேகங்கூட அத்திரைக்குள் அடங்கிவிட்டன. இதனை முன்னேற்றம் என்பார் பலர். இளமை முதலே கார்களின்மீது தீராத விருப்புக் கொண்ட நான் இதனைப் பின்னடைவு என்றே கருதுகிறேன்.

ஓராண்டு கார்த்திகை அடைமழையில், நண்பரின் புதிய காரைத் திருச்சியிலிருந்து மதுரைக்கு ஓட்டிச் செல்ல நேர்ந்தது. விராலிமலையைக் கடந்த சிறிது நேரத்தில் முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஆவி படிந்து பார்வை மங்கியது. என் பழைய காராக இருந்திருந்தால், ஒரு திருகைத் திருப்பிக் காற்றைக் கண்ணாடியின்மேல் செலுத்த ஒரு நொடி போதும். இங்கோ திரையில் வரைபடம் விரிந்திருந்தது. அதனை விலக்கிக் குளிரூட்டிக்குரிய பக்கத்தைத் தேட வேண்டும்; அப்பக்கத்தில் ஏறத்தாழ ஒரேமாதிரியான இரு சிறு படங்கள்; அவற்றுள் முன்கண்ணாடிக்கு உரியது எது, பின்கண்ணாடிக்கு உரியது எது என அறிய எனக்கு மூக்குக்கண்ணாடி வேண்டும். சாலையின் குலுக்கலில் விரல் வேறிடத்தில் படப் பாட்டு ஒலிக்கத் தொடங்கியது. தலை நிமிர்ந்தபோது முன்னே சென்ற லாரியின் சிவப்பு விளக்கு மிக அருகில் தெரிந்தது. பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தினேன். எவருக்கும் தீங்கில்லை, கை நடுக்கம் அடங்கத்தான் நேரமாயிற்று.

ஐம்பதைக் கடந்தவனின் தடுமாற்றம் இது என்று இளைஞர் நகைக்கலாம். நகைப்பதற்கு முன் ஒரு கணக்கை அவர்கள் போட்டுப் பார்க்கட்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. இரு நொடிகள் திரையை நோக்கினால் 56 மீட்டர் தொலைவைக் குருடராய்க் கடந்தோம் என்பதே பொருள். ஒரு பார்வை இரு நொடிகளுக்கு மிகலாகாது, ஒரு பணிக்கான பார்வைகள் அனைத்தும் சேர்ந்து 12 நொடிகளைத் தாண்டலாகாது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2013இல் கார் நிறுவனங்களுக்கு வழிகாட்டியது. அது அறிவுரையேயன்றிச் சட்டமன்று.

சுவீடன் நாட்டின் ‘வி பீலேகாரே’ என்னும் கார் இதழ் 2022இல் நடத்திய சோதனை இங்கே எண்ணத்தக்கது. புதிய கார்கள் பதினொன்றையும், 2005ஆம் ஆண்டின் பழைய வோல்வோ ஒன்றையும் ஒரு விமானத் தளத்தில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டச் செய்தனர். வெப்பநிலையைக் கூட்டுதல், வானொலி நிலையத்தை மாற்றுதல், பயண அளவியைச் சுழியாக்குதல் போன்ற சில எளிய பணிகளை ஓட்டுநர் செய்ய வேண்டும். பொத்தான்கள் மட்டுமே கொண்ட வோல்வோவில் அவை 10 நொடிகளில் முடிந்தன. கார் 306 மீட்டர் சென்றிருந்தது. கடைசியாக வந்த புதிய காரில் 44.6 நொடிகள் ஆயின. அதற்குள் அது 1,372 மீட்டர் ஓடிவிட்டது. பழகப் பழகச் சரியாகிவிடும் என்பார்க்கு விடையும் அதிலேயே உண்டு: ஓட்டுநர்களுக்குச் சோதனைக்கு முன்னர்க் கார்களைப் பழகிக்கொள்ள நேரம் தரப்பட்டிருந்தது.

பழக்கம் என்பது விரலுக்குரியது. பழைய அம்பாசிடரில் முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்தும் விசை, இடக்காலருகே தரையில் இருந்தது. அதனைக் குனிந்து பார்த்து மிதித்த ஓட்டுநரை நான் கண்டதில்லை. எதிரே விளக்கொளி தெரிந்ததும் கால் தானே சென்று மிதிக்கும். திருகுக்கு ஓர் இடமுண்டு, ஒரு வடிவுண்டு, திருப்பும்போது ‘டிக்’கென்று ஒரு விடையுண்டு. கண்ணாடிப் பரப்புக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை. தமிழ் பயில்வோர் ஒன்றை நினைவுகூரலாம். உயிர்களை அறிவின்வழி வகைப்படுத்திய தொல்காப்பியர் தொட்டறிதலை முதலாவதாகவும் கண்டறிதலை நான்காவதாகவும் வைத்தார். தொடுதிரை என்று பெயர் வைத்துக்கொண்டு, தொட்டால் எதையும் அறிய இயலாத ஒரு பரப்பைச் செய்திருக்கிறார்கள்! அதில் தொடுவது விரலானாலும் உழைப்பது கண்ணே.

ஜெர்மனியில் நல்ல மழையில் திரையின் வழியே வைப்பரின் வேகத்தை மாற்ற முயன்ற ஒருவர் சாலையை விட்டு விலகி மரங்களில் மோதினார். கார்ல்ஸ்ரூ உயர்நிலை நீதிமன்றம் 2020இல் அவருக்கு விதிக்கப்பட்ட 200 யூரோ தண்டத்தையும் ஒரு மாத ஓட்டுத் தடையையும் உறுதி செய்தது. கையில் கைபேசி வைத்திருப்பவருக்குரிய விதியே திரைக்கும் பொருந்தும் என்பது அத்தீர்ப்பின் சாரம். தீர்ப்பில் குறையில்லை. எனினும் வைப்பரைத் திரைக்குள் வைத்தவர் ஓட்டுநர் அல்லரே! தண்டம் மட்டும் அவருக்கு.

இம்மாற்றம் ஏன் நேர்ந்தது? அழகுணர்ச்சி என்பர், நான் நம்பவில்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் அச்சு, ஒரு கம்பி, ஒரு சோதனை வேண்டும். ஒரு திரை அவற்றையெல்லாம் விழுங்கிவிடுகிறது. மறந்துபோனதைப் பின்னர் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளவும் இயல்கிறது. செலவு குறைகிறது. குறைந்த செலவை ‘உயர்தரம்’ என்று பெயரிட்டு நம்மிடமே விற்பதுதான் என்னை உறுத்துகிறது. தொடுதிரை புதியதும் அன்று. அமெரிக்காவின் பியூக் ரிவியேரா 1986லேயே அதனைக் கொண்டிருந்தது. வாங்கியோரின் குறை கேட்டுப் பின்னர்க் கைவிட்டது. 2012இல் டெஸ்லா 17 அங்குலத் திரையோடு வந்தபின் அனைவரும் அவ்வழியே ஓடினர். அதே டெஸ்லா 2021இல், நினைவகச் சில்லு தேய்ந்து திரையே செயலிழக்கக் கூடும் என்பதால் ஏறத்தாழ 1,35,000 கார்களைத் திரும்ப அழைக்க நேர்ந்தது. பின்புறக் காட்சியும் கண்ணாடியின் ஆவி நீக்கலும் ஒருங்கே போய்விடும் என்பது அப்போது வெளிப்பட்டது.

கடலிலும் இந்தப் பாடம் கற்கப்பட்டது. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலுடன் மோதிப் பத்து மாலுமிகள் மாண்டனர். பயிற்சிக் குறைவோடு, தொடுதிரையால் கப்பலைச் செலுத்தும் அமைப்பின் குழப்பமும் விசாரணையில் சுட்டப்பட்டது. 2019இல் அக்கடற்படை வேகக் கட்டுப்பாட்டுக்குக் கைப்பிடிகளையே மீண்டும் பொருத்த முடிவு செய்தது.

திரையே கூடாது என்பது என் வாதமன்று. வரைபடத்துக்கும், பின்னோக்கிச் செல்லும்போது காணும் காட்சிக்கும் திரையினும் சிறந்தது வேறில்லை. நின்றிருக்கும்போது செய்யத்தக்கவற்றைத் திரையில் வைக்கட்டும். ஓடும்போது செய்ய வேண்டியவற்றைக் கைக்குத் தரட்டும். ஐரோப்பியப் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்தும் தனி விசைகளாய் இருப்பதற்கு 2026 முதல் தன் மதிப்பீட்டில் இடம் தந்துள்ளது. ஃபோக்ஸ்வாகன் நிறுவனமும் பொத்தான்களை மீண்டும் கொண்டுவருவதாக அறிவித்தது. ஆவி நீக்கும் திருகு அந்த ஐந்தில் இல்லை என்பதில் எனக்கு வருத்தமே. விராலிமலை மழையை அவர்கள் அறியார் போலும்.

அண்மையில் கார் வாங்கும் எண்ணத்தோடு விற்பனையகம் ஒன்றிற்குச் சென்றேன். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, கண்களை மூடிக்கொண்டு, காற்றுக்குரிய திருகைக் கையால் துழாவினேன். அருகில் நின்ற இளைஞர், “உடம்புக்கு ஏதும் முடியவில்லையா, சார்?” என்று பதறினார். திருகைத் தேடுகிறேன் என்றேன்.

“எல்லாம் திரையில்தான் இருக்கிறது, சார். கண்ணைத் திறந்து பாருங்கள்” என்றார் அவர்.