விளையாட்டில் கற்ற பாடம்

விளையாட்டு வினையாகும் என்பார்கள் பெரியோர். எனக்கு அது விஞ்ஞானமாயிற்று.

கோரிமேட்டில் எங்கள் வீட்டுக் கணிப்பொறியில், விடுமுறையின்போது 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' என்னும் விளையாட்டை ஆடத் தொடங்கினேன். ராக்கெட்டை நாமே வடிவமைத்து நாமே ஏவ வேண்டும். முதலில் ஒரே பெரிய கலத்தில் எரிபொருளை நிரப்பி ஏவினேன். பாதி வானில் திரும்பி விழுந்தது. இன்னும் இரண்டு கலங்களைச் சேர்த்தேன். தரையை விட்டே எழவில்லை. எரிபொருள் கூடினால் எடை கூடுகிறது. எடையைத் தூக்க எஞ்சின் கூட வேண்டும். எஞ்சினுக்கும் எடை உண்டு. சுமை ஏற்றிய மிதிவண்டியில் எங்கள் ஊர் மேட்டில் ஏறியவர்களுக்கு இந்தத் துயரம் புரியும்.

விடை என் பாடப்புத்தகத்திலேயே இருந்தது. 1903-ல் ருஷ்ய அறிஞர் சியோல்கோவ்ஸ்கி வெளியிட்ட சமன்பாடு அது. அதை மனப்பாடம் செய்து, தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றவன் நான்!

கணக்கைப் பாருங்கள். வாயு விநாடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று கொள்வோம். ராக்கெட்டின் எடையில் பத்தில் ஒன்பது பங்கு எரிபொருளே என்றாலும், ஒற்றை அடுக்கில் கிடைக்கும் வேகம் 6.9 கிலோமீட்டர்தான். பூமியைத் தாழ்வாகச் சுற்றவே ஏறத்தாழ 7.8 வேண்டும், காற்றும் ஈர்ப்பும் விழுங்குவது தனி. இரண்டு அடுக்காக்கி, ஒவ்வொன்றும் தான் எரியத் தொடங்கும்போதுள்ள மொத்த எடையில் ஐந்தில் நான்கு பங்கை எரித்துவிட்டுக் காலிக் கூட்டைக் கழற்றி எறியுமானால், 9.6-க்கு மேல் கிடைக்கிறது. விளையாட்டில் வரும் கோள் பூமியைவிட மிகச் சிறியது. அங்கே ஏறுவது எளிது. ஆனால் சமன்பாடு ஒன்றே.

இன்னொன்றும் கற்றேன். ராக்கெட்டை உச்சியிலிருந்து கீழ்நோக்கியே வடிவமைக்க வேண்டும். மேலே ஒரு கிலோ கூடினால் கீழே பல கிலோ கூடும். நமது எஸ்.எல்.வி.-3 நான்கு அடுக்குகளும் 17 டன் எடையும் கொண்டது. அது சுமக்க வல்லதோ 40 கிலோ! ஒரு கிலோவை ஏற்ற 425 கிலோ. அதுவும் 1979 ஆகஸ்டு 10-ல் இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பு பழுதுபட்டுக் கடலில் விழுந்தது. நம் விஞ்ஞானிகள் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. காரணத்தைத் தேடிக் கண்டார்கள். 1980 ஜூலை 18-ல் ரோகிணி வானில் சுற்றியது.

நாம் என்ன செய்கிறோம்? செய்முறை வகுப்பில் ஊசல் சரியான விடை தராவிட்டால், பக்கத்து மேசைக்காரரின் அளவீட்டைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அதில் மதிப்பெண் உண்டு; அறிவு இல்லை. விளையாட்டிலோ என் தவறு என் கண்முன்னே விழுந்து நொறுங்கியது, ஆகவே கற்றேன்.

பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள் இதுவே: ஆண்டுக்கு ஒரு செய்முறையாவது விடை முன்கூட்டித் தெரியாததாக இருக்கட்டும். அதில் தவறிய அளவீட்டையும், தவறியதன் காரணத்தையும் எழுதுபவனுக்கு முழு மதிப்பெண் தாருங்கள். நண்பர்களே, இரவல் விடை நாம் சுமந்து திரியும் காலிக் கூடு. கழற்றி எறிவோம், பிறகு பாருங்கள், எவ்வளவு உயரம் போகிறோம் என்று!