பாதையும் பாத்தியமும்

இங்கிலாந்தின் நெடும்பாதைகளில் நடப்பதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் விமர்சகர்கள் சிலருக்கு ஒரு பரவச பாஷை வந்துவிடுகிறது. தனிமை, இயற்கை, ஆத்ம தரிசனம். வேர்ட்ஸ்வொர்த்தைப் பாடமாகப் படித்ததன் வினை. நானும் அதே பி.ஏ. படித்தவன்தான். ஆனால் வங்கியில் அடமானப் பத்திரம் பார்ப்பது என் பிழைப்பு. அவற்றில் ‘வழிநடை பாத்தியம்’ என்று ஒரு வாசகம் வரும். பாதை முதலில் ஒரு பாத்தியதை. அனுபவமெல்லாம் அதற்குப் பிறகு.

பென்னைன் வேயை எடுத்துக்கொள்வோம். டெர்பிஷயரின் ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி முடியும் 268 மைல் பாதை. இயற்கை இதைப் போட்டுத் தரவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைப் பறவைகளுக்காகக் காவல் போட்டிருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டில், மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அன்று வயது 20. இந்தப் பாதை வேண்டுமென்று பத்திரிகையாளர் டாம் ஸ்டீபன்சன் 1935இல் எழுதினார். அதற்கு இடம் தரும் சட்டம் 1949இல் வந்தது. பாதை திறந்தது 1965இல். அதே ஏப்ரல் 24.

வேர்ட்ஸ்வொர்த்? கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு ரயில் வருவதை 1844இல் எதிர்த்தவர் அவர். தொழிலாளர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து இறக்கினால் அவர்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும் என்பது வாதம். நம் பரவசக்காரர்கள் இதைச் சொல்வதேயில்லை.

கவிதைக்குள் அரசியலைத் திணிக்கிறான் என்பார்கள். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதை இதனால் ஒரு மாற்றும் குறையாது. குறைவது நம் வாசிப்பின் சோம்பல்தான். நடக்க நடக்க வழி உண்டாகும் என்று நாம் உவமை சொல்கிறோம். இங்கிலாந்தில் அது சட்டம்: பொதுஜனம் 20 வருஷம் தடையில்லாமல், அனுமதி கேட்காமல் நடந்த வழி பொதுவழியாகக் கொள்ளப்படும். சண்டையும் ஓயவில்லை. டார்ட்மூரில் கூடாரமடித்துத் தங்கும் உரிமையை எதிர்த்து நிலச்சொந்தக்காரர் நடத்திய வழக்கு 2025இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது.

தனிமையைப் பற்றித் தாராளமாக எழுதலாம். அந்தத் தனிமைக்கு வழி வாங்கித் தந்த கூட்டத்தை அழித்துவிட்டு எழுதும் கட்டுரைக்கு, பத்திர பாஷையில் பெயர் இருக்கிறது: சொந்தக்காரனுக்கு எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.