வரைபடம் பார்த்த கைகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து தினமும் காலையில் குன்னூர் மலையேறும் நீராவி எஞ்சினின் உருவம், ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் தாளில் வரையப்பட்டது. 1899இல் திறந்த அந்தப் பாதையில், கல்லாறு தாண்டிப் பற்சட்டத் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டு ஏறிய பழைய எஞ்சின்கள் தேய்ந்து ஓய்ந்தபோது, அதே மாதிரியில் புதிய எஞ்சின்கள் செய்யும் வேலை திருச்சி பொன்மலைப் பணிமனைக்கு வந்தது. 2011 முதல் அவை ஒவ்வொன்றாக மலைக்கு வந்து சேர்ந்தன. டீசல் எஞ்சின் போதுமே, எதற்கு இந்தப் பாடு என்று கணக்குப் பார்த்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் இறந்துபோனவர் வரைந்த கோட்டை உயிரோடிருப்பவரின் கை மறுபடி உலோகமாக்கியதில் ஏதோ ஒன்று காப்பாற்றப்பட்டது என்பதை மலையடிவாரத்துக்காரர்கள் சொல்லாமலே அறிவார்கள். கொங்குநாட்டில் எங்கேனும் ஒரு மாடியறையில், பழைய பிளான் ஒன்றை விரித்துவைத்து, பால்சாக் குச்சிகளை அறுத்து, ரேடியோவில் பறக்கும் மாதிரி விமானம் கட்டுகிற மனிதரைப் பார்த்து, "கடையிலேயே கிடைக்குதுங்களே, எதுக்குங்க இந்தச் சிரமம்?" என்று கேட்கிறவர்களுக்கு அந்த எஞ்சினைத்தான் காட்ட வேண்டும்.

மாதிரி விமானம் கட்டும் வேலையின் ஒழுங்கு வெளியாருக்கு அவ்வளவாகத் தெரியாது. தட்டையான பலகையில் பிளானை ஒட்டி, பசை பிடிக்காதபடி மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தி, இறக்கையின் நீளவாட்டுச் சட்டமான ஸ்பாரைக் கோட்டின்மேல் குண்டூசியால் நிறுத்தி, குறுக்குச் சட்டங்களான ரிப்புகளை வரிசையாக ஒட்டிக்கொண்டு போவார்கள். பலகை ஒரு நூல் வளைந்திருந்தால் இறக்கையும் முறுக்கிக்கொள்ளும். மேஜையில் கண்ணுக்குத் தெரியாத அந்த முறுக்கு வானத்தில் ஏறியதும் விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கும். எலும்புக்கூடு எழுந்தபின் வருவதுதான் பொறுமையின் உண்மையான சோதனை. உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது, மரத்தின் நுண்துளைகளைச் சீலர் பூசி அடைப்பது, மறுபடி தேய்ப்பது, மெல்லிய திஷ்யூ தாளையோ பட்டையோ போர்த்துவது, டோப் என்கிற செல்லுலோஸ் வார்னிஷைப் பூச்சுப் பூச்சாக ஏற்றி அந்தப் போர்வையை முரசுத்தோல் போல இழுத்து நிறுத்துவது. ஐப்பசி மழையின் ஈரக்காற்றில் டோப் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். வெயில் வரும்வரை தூரிகையை எடுத்துவைத்துவிட வேண்டியதுதான். பளபளப்புக்கு ஆசைப்பட்டு இன்னும் இரண்டு பூச்சு ஏற்றினால் வாலில் சில கிராம் கூடும், அதைச் சமன் செய்ய மூக்கில் அதைவிடப் பல மடங்கு ஈயம் வைக்க வேண்டி வரும். எடை நிற்கும் புள்ளி, பெரும்பாலான மாதிரிகளில், இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே விழுந்தாக வேண்டும். அழகுக்கு இவ்வளவு கண்டிப்பாக விலை கேட்கும் கலை வேறு எத்தனை உண்டென்று எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்த்தால், பெரிய விமானத்துக்கு முந்திப் பிறந்தது சிறிய விமானம்தான். 1871இல் பாரிஸ் தோட்டமொன்றில் அல்ஃபோன்ஸ் பெனோ ரப்பர் முறுக்கில் பறக்கவிட்ட மாதிரி, எஞ்சின் விமானத்தில் மனிதன் பறப்பதற்கு முப்பதாண்டுக்கு மேல் முந்தியது. அவருடைய வழியில் செய்யப்பட்ட, மூங்கிலும் தக்கையும் தாளும் கொண்ட ஒரு பறக்கும் பொம்மையை 1878இல் தந்தை வாங்கிவந்து கொடுக்க, ரைட் சகோதரர்கள் அதைப் பார்த்துப் பார்த்துத் தாமே செய்தார்கள். பெரிதாக்கிச் செய்யச் செய்ய அது பறக்க மறுத்தது. நீளத்தை இருமடங்காக்கினால் இறக்கைப் பரப்பு நான்கு மடங்குதான் ஆகிறது, எடையோ எட்டு மடங்காகிவிடுகிறது என்ற பாடத்தைப் பொம்மைதான் அவர்களுக்கு முதலில் வைத்தது. நம் பக்கத்திலும் தொடக்கம் கைவேலைதான். 1910இல் சென்னை மவுண்ட் ரோடு விடுதிக்காரர் டி'ஏஞ்சலிஸ் தாமே வரைந்த விமானத்தைக் கட்டிக்கொடுத்தது, குதிரை வண்டி செய்து பேரெடுத்திருந்த சிம்சன் கம்பெனி. பல்லாவரத்தில் அது மேலெழுந்தபோது அதைத் தாங்கியது வண்டித் தச்சரின் கைத்திறன். ரேடியோவால் மாதிரியை ஓட்டும் வித்தை 1930களின் இறுதியில் அமெரிக்காவின் குட் சகோதரர்களோடு பேர் பெற்றது. அன்று தொடங்கிய வால்வும், ரப்பர் முறுக்கில் சுக்கானைத் திருப்பிய எஸ்கேப்மென்டும் போய், டிரான்சிஸ்டர் வந்து, சுக்கானை அசைக்கும் சர்வோ மோட்டார் வந்து, அலைவரிசைக்காகக் கிரிஸ்டல் மாற்றும் காலமும் கழிந்து, இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது.

கொங்கு மண்ணுக்கு இந்த மரபு வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. வரைபடத்தைப் படித்துப் பொருளாக்குவதையே பிழைப்பாகக் கொண்ட ஊர் கோவை. வார்ப்படப் பட்டறையில் பம்பின் பாகத்துக்கு முதலில் மரத்தில் பேட்டர்ன் செதுக்குகிறவர், உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்பதால் வரைபடத்து அளவைவிட நூற்றில் ஒரு பங்கு கூட்டியே செதுக்குவார். தாளில் இருப்பதைக் கண்மூடிப் பின்பற்றாமல் அதன் உள்நோக்கத்தைப் படிப்பது அந்தக் கைகளுக்கு இயல்பு. ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரமும் 1937இல் உள்நாட்டு மின்மோட்டாரைச் செய்துகாட்டியது இந்தப் பழக்கத்தின் உச்சம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படை தன் விமானங்களைப் பழுதுபார்க்கக் கோவையில் 'கருடா' என்ற பெயரில் ஒரு தளமே வைத்திருந்தது. சூலூரில் தேஜஸ் போர்விமானப் படைப்பிரிவுகள் வந்து நின்றதைப் பார்த்துப் பெருமைப்படும் நாம், அதற்கு முன்னே இருந்த இந்த நீண்ட வரிசைக்கும் வாரிசுகள். பள்ளி, கல்லூரிகளில் என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்தவர்கள் பால்சாவை முதன்முதலில் தொட்டது அங்கேதான். இறக்குமதிக்கு லைசென்ஸ் கேட்ட காலத்தில், கல்கத்தாவில் செய்த சின்ன டீசல் எஞ்சின் ஒன்று கிடைத்தாலே அது பெரிய சொத்து.

பொருள்கள் போய்வந்த வழி இன்னும் விசித்திரம். அந்தச் சின்ன எஞ்சினுக்கு ஈதரும் மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் கலந்து ஊற்றினார்கள். முதல் உலகப்போரில் பறந்த சுழல் எஞ்சின்களுக்கும் ஆமணக்கு எண்ணெய்தான் உயவு. நம் பாட்டிமார் குழந்தைக்குப் புகட்டிய அதே எண்ணெய். பவானிக்கரையில், மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த சிறுமுகையில், நீலகிரி யூகலிப்டஸைக் கூழாக்கி விஸ்கோஸ் இழை எடுத்த ஆலை, ஆற்றைக் கெடுத்த பழியோடு மூடிக்கிடக்கிறது. அதே ஊரில் இன்று பட்டுத்தறி ஓடுகிறது. மரத்தின் செல்லுலோஸும் பட்டும் சேர்ந்துதான் ஒரு காலத்து மாதிரி விமானத்தின் தோல் என்பதை நினைத்தால், அந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சரக்கு நம் ஆற்றங்கரையிலேயே கிடந்திருக்கிறது. மீதிப் பாதியான பால்சா ஈக்வடார் காட்டிலிருந்து வருகிறது. தேக்கின் எடையில் கால் பங்குதான் இருக்கும் அந்த மரத்தைக் காற்றாலை இறகுகளின் உள்ளேயும் வைக்கிறார்கள். 2020 வாக்கில் உலகமெங்கும் காற்றாலைகள் போட்டிபோட்டு எழுந்தபோது பால்சா விலை ஏறியது, பலகை கிடைப்பதே அரிதானது. பல்லடத்துக்கும் உடுமலைக்கும் இடையே ஆடிக்காற்றில் சுழன்றுகொண்டிருக்கும் இறகுகளைப் பார்க்கும் மாதிரிக்காரர், தன் இறக்கைக்கு வர வேண்டிய மரம் அங்கே போய்விட்டதென்று சிரித்துக்கொள்ளலாம். உள்ளூரில் மாற்று தேடினால், மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி ஊக்குவித்த மலைவேம்பு பிளைவுட்டுக்கு நல்ல மரம். பால்சாவின் இடத்துக்கு அது கனம்.

இந்தக் கலை செத்துவிட்டது என்ற புலம்பலுக்கும் நீண்ட வயது. பாகங்கள் அச்சிட்டுப் பெட்டியில் வந்தபோது, பிளான் பார்த்து அறுக்கத் தெரிந்தவர் இனி இருக்கமாட்டார் என்றார்கள். சூடு காட்டினால் சுருங்கும் பிளாஸ்டிக் போர்வை வந்தபோது, டோப் பூசத் தெரிந்தவர் போய்விட்டார் என்றார்கள். கட்டி முடித்தே விற்கும் விமானம், தெர்மாகோல் விமானம், கடைசியில் தானே நிலைநின்று மிதக்கும் ட்ரோன் என ஒவ்வொன்றும் முந்தியதன் சாவுச் செய்தியோடு வந்தது. ஆனால் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளில்கூட, பொழுதுபோக்குக்கோ கல்விக்கோ கண்பார்வைக்குள் பறக்கும், 25 கிலோவுக்கு மேற்படாத மாதிரிக்கு வகைச்சான்று வேண்டாம் என்று தனியாக எழுதியிருக்கிறார்கள். முன்னனுமதி தேவையில்லாத பச்சை மண்டலத்தில் உயரம் 400 அடி வரை, விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்தில் 200 அடி. சட்டம் ஒதுக்கிக் கொடுத்த இடம் சிறிதல்ல. குறைவது நிலம். அறுவடை முடிந்து சும்மா கிடக்கும் மேட்டாங்காட்டில், காற்று எழாத விடியற்காலையில், தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறக்கவிட்ட காலத்தை இன்றைய மனைப்பிரிவுக் கற்கள் முடித்துவைக்கின்றன. எனக்கு உள்ள வருத்தமெல்லாம் அதில்தான், ட்ரோனின்மேல் ஒன்றுமில்லை.

பிளான்களோ முன்பு எப்போதையும்விடப் பெருகியிருக்கின்றன. 1930களிலும் 50களிலும் இங்கிலாந்து, அமெரிக்க இதழ்கள் வெளியிட்டவற்றை உலகெங்கும் யார் யாரோ ஸ்கேன் செய்து இலவசமாக ஏற்றிவைத்திருக்கிறார்கள். சந்தா கட்டிக் கப்பலுக்குக் காத்திருந்த தாளை இன்று ஒரு பென்டிரைவில் போட்டுக்கொண்டு பிளக்ஸ் அச்சடிக்கும் கடைக்குப் போகலாம். கல்யாணப் பேனருக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவே, முழு அளவு இறக்கையாக அது சுருளிலிருந்து இறங்கி வரும். தாளின் அகலத்துக்கு அடக்குவதற்காகக் கடைக்காரர் படத்தைச் சற்றே சுருக்கிவிடுவதுண்டு. பணம் கொடுக்குமுன் பிளானில் எழுதியிருக்கும் அளவொன்றின்மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.