முகாம் போட்டால் தேவை தெரிந்துவிடுமா?

கோலார் மாவட்டத்தில் பூதிகோட்டை, தங்கவயல் பக்கம் இலவச முகாம் போட வரும் அறக்கட்டளை ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றுக்கும் மேடைப் பேச்சு ஒன்றுதான். "ஜனங்களுக்குத் தங்கள் தேவை என்னவென்றே தெரியாது, நாங்கள் முகாம் போட்டுக் கண்டுபிடிக்கிறோம்." வருஷக்கணக்கில் கேட்டுக் காது புளித்துவிட்டது. சால்வை மாறுகிறது, பேச்சு மாறவில்லை.

ஜனங்களுக்குத் தெரியாதாம்! ஹைதர் அலி பிறந்த ஊர் என்று பூதிகோட்டையைப் பற்றி மேடையில் தவறாமல் ஒரு வரி சொல்வார்கள். அதே ஊரில் 2003-இல் 'நம்ம த்வனி' என்று சமுதாய வானொலி தொடங்கியது யாருக்காவது நினைவிருக்கிறதா? ஒலிபரப்ப உரிமம் கிடைக்காத காலம் என்பதால் கேபிள் வழியாக வீடுகளுக்குப் போனது. மகளிர் சங்கத்துப் பெண்கள் மைக்கைப் பிடித்து ஊர்ப்பாட்டைப் பேசினார்கள். தேவையைச் சொல்ல ஆள் இருந்தது. குறித்துக்கொள்ள எந்த ஆஸ்பத்திரி வந்து உட்கார்ந்தது?

இத்தனை பேருக்குச் சர்க்கரை பார்த்தோம், இத்தனை கண்ணாடி கொடுத்தோம் என்று கணக்கு வாசிப்பார்கள். கொண்டுவந்தது சர்க்கரை மெஷினும் கண்ணாடியும் என்றால் கண்டுபிடிப்பதும் அதுவாகத்தானே இருக்கும்? கோலார் மாவட்டத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பது ஊரறிந்த சங்கதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது; மீறினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும். முட்டிவலி என்று வருகிறவருக்குக் கால்சியம் மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். குடிக்கும் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துவரச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

"ஊரே திரண்டு வருகிறது" என்பது அடுத்த பெருமை. தங்கவயலில் உழைக்கும் வயசுக்காரர்கள் விடியும் முன்பே மாரிகுப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். பத்து மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றினால் வருகிறவர்கள் யார்?

வருகிறவர்களில் பழைய மைன்ஸ்காரர்கள் நிறைய. சரி, அவர்களையாவது ஒழுங்காகப் பார்க்கிறார்களா? இங்கிருந்த சாம்பியன் ரீஃப் தங்கச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. குவார்ட்ஸ் பாறையைத் துளைத்து, வெடிவைத்து, அந்தச் சிலிக்கா தூசியை இருபது முப்பது வருஷம் சுவாசித்தவர்கள் இவர்கள். 1940-களிலேயே இங்கே 7,000-க்கும் மேற்பட்ட தொழிலாளிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்துக்கும் அதிகமானோருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. கண்டுபிடிக்க வேண்டிய தேவை சுதந்திரத்துக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டாயிற்று ஐயா! 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். நுரையீரலுக்குள் போன தூசியை யார் மூடுவது? வேலையை விட்டுப் பல வருஷம் கழித்தும் இந்த நோய் தலைகாட்டும், முற்றும். எக்ஸ்ரேயில் டிபி மாதிரியே தெரியும். டிபி வரவும் வழிவிடும். இரண்டையும் பிரித்தறிய டாக்டர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "மைன்ஸில் என்ன வேலை, எத்தனை வருஷம்?" போன முகாமில் கொடுத்த படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெயர், வயசு, எடை, பிபி, சர்க்கரை, ரேஷன் கார்டு, ஃபோன் நம்பர். தொழிலுக்குக் கட்டமே இல்லை. இருமலோடு நின்ற பெரியவருக்கு இருமல் சிரப்பும், "பீடியை விடுங்க தாத்தா" என்ற புத்திமதியும் கிடைத்தன. சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மலைகள் வேறு, மூன்று கோடி டன்னுக்கு மேல் அரைத்த மண், காற்றடித்தால் தொழிலாளர் லைன் வீடுகள் மேல் இறங்குகிறது. அதைப் பார்க்க எந்த மெஷினும் வேண்டாம், ஜன்னல் ஓரத்தில் விரலை வைத்தால் போதும்.

கடைசியில், "தண்ணீரும் தூசியும் அரசாங்கத்தின் வேலை, எங்களுடையது வைத்தியம்" என்பார்கள். அரசாங்கம் கொடுக்கும் வரிவிலக்கு மட்டும் இனிக்கிறது! அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டப்படி, வரிவிலக்குப் பெறும் ஆஸ்பத்திரி மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊராரைக் கலந்து அவர்கள் தேவையைக் கணக்கெடுத்து வெளியிட்டே ஆகவேண்டும்; தவறினால் 50,000 டாலர் வரி. அவ்வளவு தூரம்கூட வேண்டாம். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி 1977-லேயே கே.வி.குப்பத்தில் ஊரக நல மையம் வைத்து அங்கேயே தங்கி வேலை பார்த்தது. அதிக தூரமில்லை, போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

சுரங்கக் கம்பெனியின் பழைய ஆஸ்பத்திரி பாழடைந்து கிடந்தது. 2021-இல் கோவிட் மிரட்டியபோது தொண்டர்கள் சேர்ந்து கூட்டிப் பெருக்கி அதைத் திறந்துவிட்டார்கள். அதற்கு யாரும் முகாம் போட்டுத் தேவை கண்டுபிடிக்கவில்லை. அடுத்த முகாம் நோட்டீஸ் இப்போதே ஒட்டியாயிற்று: கண், சர்க்கரை, பிபி.