பால் சோதிக்கும் நாற்காலி காலியாக இருக்கலாமா?

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லையென்றால் ஊர் மக்கள் மனுக் கொடுக்கிறார்கள். கால்நடை மருந்தகத்தில் டாக்டர் இல்லையென்றால் கேள்வி கேட்கிறார்கள். ஆனால் பாலையும் நெய்யையும் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும் அரசு உணவுப் பகுப்பாய்வாளர் பணியிடம் காலியானால் கேட்பார் இல்லை. இரண்டு மாடு வைத்துப் பிழைப்பவருக்கும் அந்த நாற்காலிக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் 2006-ல் இயற்றப்பட்டு, 2011 ஆகஸ்ட் 5 முதல் அமலில் இருக்கிறது. அதன்படி, மாதிரி வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் பகுப்பாய்வாளர் அறிக்கை தர வேண்டும். அந்த நாற்காலியில் ஆள் இல்லாவிட்டால், வேறு ஊர் அதிகாரி கூடுதல் பொறுப்பாகப் பார்க்க வேண்டும், அறிக்கை தாமதமாகும். அதுவரை கலப்படக்காரர் குறைந்த விலைக்கு விற்றுக் கொண்டிருப்பார். அவரோடு போட்டியிட முடியாமல் நொடிந்து போகிறவர் நல்ல பால் விற்பவரே.

யாரையாவது உட்கார வைத்தால் போதும் என்பதும் சரியல்ல. பசும்பாலில் கொழுப்பு 3.2 சதவீதமும், கொழுப்பற்ற திடப்பொருள் 8.3 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் கலந்தாலும் திடப்பொருள் குறையும்; தீவனம் போதாமல் மாடு மெலிந்தாலும் குறையும். பாலின் உறைநிலையைப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நல்ல பால் சுழியத்துக்குக் கீழே சுமார் அரை டிகிரியில் உறையும். தண்ணீர் சேரச் சேர உறைநிலை சுழியத்தை நெருங்கும். தீவனக் குறைவால் அது அவ்வளவாக மாறுவதில்லை.

நெய் விஷயம் இன்னும் நுட்பமானது. பருத்திக்கொட்டை அதிகம் தின்ற மாட்டின் நெய்யில், ஆவியாகும் கொழுப்பு அமிலங்கள் குறைந்து காணப்படும். கலப்பட நெய்யிலும் அப்படியே. பருத்தி வட்டார நெய்க்கென்று தர விதிகளில் தனி அளவு வகுக்க நேர்ந்தது இதனால்தான். இது தெரியாதவர் கையெழுத்திட்டால், நேர்மையாக வெண்ணெய் உருக்கியவர் கலப்படக்காரர் ஆகிவிடுவார். தரம் குறைந்த உணவு விற்றதாக முடிவானால், அபராதம் 5 லட்சம் ரூபாய் வரை போகலாம்.

"இயந்திரம் வந்துவிட்டதே, ஆள் எதற்கு?" என்பார் உண்டு. இயந்திரம் எண்ணைக் காட்டும். அந்த எண் சரியா என்று ஆய்வுக்கூட முறையில் ஒத்துப் பார்க்க ஆள் வேண்டும். "தகுதியானவர் கிடைப்பதில்லை" என்பதும் ஏற்கத்தக்கதல்ல. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பால்வளத் தொழில்நுட்பப் படிப்பு இருக்கிறது. படித்து வருபவரை ஆய்வுக்கூடத்தில் சேர்த்து, அனுபவம் பெற வைத்து, தகுதித் தேர்வுக்கு அனுப்பினால் ஆள் தானே உருவாகும்.

ஓய்வு பெறும் தேதி முன்கூட்டியே தெரிந்ததுதான். ஆகவே, பணியிடம் காலியாகும் முன்பே ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு அல்லாமல் நிரந்தரமாக நியமிக்க வேண்டும். ஏட்டறிவோடு கைப்பழக்கத்தையும் சோதிக்க வேண்டும்.

விவசாயிகளும் சும்மா இருக்கலாகாது. மாவட்டக் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில், "நம் பகுதி ஆய்வுக்கூடத்தில் பகுப்பாய்வாளர் இருக்கிறாரா?" என்று கேட்க வேண்டும். பால், நெய் விற்பவர் மேல் பாதகமான அறிக்கை வந்தால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் மறக்கக் கூடாது. தராசு சரியாக இருந்தால் மட்டும் போதாது. தராசைப் பிடிப்பவரும் இருக்க வேண்டும்.