கேமரா முன் வாத்தியார்

ஒரு சாதாரண கேமரா. அதில் பதியும் தேதியையும் நேரத்தையும் மட்டும் யாரும் மாற்ற முடியாது. ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தும் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம், 2003ல் 57 பள்ளிகளுக்கு இந்தக் கேமராவைக் கொடுத்தது. பள்ளி திறந்ததும் ஒரு படம், மூடும்போது ஒரு படம். எடுப்பது ஒரு மாணவன். படத்தில் இருக்க வேண்டியது வாத்தியாரும் மற்ற பிள்ளைகளும். இரண்டு படங்களுக்கும் இடையே ஐந்து மணி நேரமாவது இருந்தால்தான் அந்த நாள் கணக்கில் சேரும்.

சம்பளமும் படத்தைப் பொறுத்ததே. மாதம் 20 நாள் வந்தால் 1,000 ரூபாய். அதற்கு மேல் வரும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல். குறையும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் வெட்டு. எவ்வளவு மட்டம் போட்டாலும் 500 ரூபாய் நிச்சயம்.

கேமரா தரப்படாத பள்ளிகளில் 42 சதவிகிதமாக இருந்த ஆசிரியர் மட்டம், கேமரா பள்ளிகளில் 21 சதவிகிதம்தான். வருகிறவர் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவாரோ என்ற சந்தேகமும் பொய்த்தது. வந்தவர்கள் பாடம் நடத்தினார்கள். பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணும் உயர்ந்தது. இதை ஆராய்ந்த மூவரில் ஒருவரான எஸ்தர் டுஃப்லோவுக்கு 2019ல் பொருளாதார நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

இத்தனைக்கும் பழைய ஏற்பாட்டில் தண்டனை இல்லாமல் இல்லை. தொடர்ந்து மட்டம் போட்டால் வேலையே போகும் என்று எச்சரிக்கை இருந்தது. ஆனால் வேலை போவது மிக அரிது என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போதோ விழக்கூடிய பெரிய அடியைவிட, தவறாமல் விழும் 50 ரூபாய் வலித்தது. (அதே வகுப்பறையில் தாமதமாக வரும் பையனுக்கு மட்டும் தண்டனை உடனடியாகக் கிடைத்துவிடுவது நம் நாட்டு வழக்கம். 2009ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தும் பிரம்பு முழுசாக ஓய்ந்தபாடில்லை.)

பரிசு எப்போதும் காசாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. அதே மாவட்டத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்த பெற்றோருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்ததும் சாப்பாட்டுத் தட்டுகள் தரப்பட்டன. முகாம் மட்டும் நடந்த கிராமங்களில் 18 சதவிகிதக் குழந்தைகளுக்கே முழுத் தடுப்பூசி கிடைத்தது. பருப்பு தந்த கிராமங்களில் 39 சதவிகிதம்.

ஆனால் அரசு துணை சுகாதார நிலையங்களின் நர்சுகளிடம் இதே வித்தை பலிக்கவில்லை. கண்காணிப்பு நாளில் நேரம் பதியும் இயந்திரத்தில் மூன்று முறை முத்திரை குத்த வேண்டும். பாதி நாளுக்கு மேல் வராதவர்களின் சம்பளத்தில் வெட்டு. முதல் சில மாதங்கள் வருகை நன்றாகவே கூடியது. பிறகு சுகாதாரத் துறை அதிகாரிகள் தாராளமாக ‘விலக்கு நாள்’ வழங்க ஆரம்பித்தார்கள். கூட்டம், முகாம், வேறு பணி என்று எழுதினால் போதும், வராத நாளுக்கும் வெட்டு இல்லை. 16 மாதம் கழித்துப் பார்த்தபோது கண்காணிப்பு இருந்த நிலையத்துக்கும் இல்லாத நிலையத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை.