காட்டை அறிமுகஞ்செய்வோர் வேண்டும்

படைப்பின் மேன்மையைப் பற்றி மறையுரைகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் நாம் அடிக்கடி கேட்கின்றோம். ஆயினும், பாலை மரத்தையும் வீரை மரத்தையும் வேறுபிரித்து அறியத் தெரிந்த பிள்ளைகள் எமது பங்குகளில் எத்தனை பேர்? சுற்றுலா செல்வதில் நாம் குறைவைத்தவர்களல்லர். வாகனத்தில் பாட்டு முழங்கச் செல்கின்றோம், நிழல் கண்ட இடத்தில் சோற்றுப் பொதியை அவிழ்க்கின்றோம், படம் எடுக்கின்றோம், பொலித்தீன் உறைகளை அங்கேயே விட்டுத் திரும்புகின்றோம். காட்டிற்குப் போய்வந்தும் காட்டைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களாகவே வீடு சேர்கின்றோம். அறிந்த ஒருவர் உடன் நடந்து விளக்கினாலன்றி இக்குறை தீராது.

சிங்கராஜ வனத்திற்குச் சென்றவர்கள் இதனை உணர்ந்திருப்பர். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காக இயந்திரங்கள் கொண்டு மரம் தறிக்கப்பட்ட வனம் அது. மக்களின் எதிர்ப்பினால் அது நிறுத்தப்பட்டது. 1988இல் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது. இன்று அங்கு செல்வோர் வழிகாட்டி ஒருவருடன் கால்நடையாகவே செல்கின்றனர். அவ்வழிகாட்டிகளுள் பலர் அயற்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அட்டைக்கடிக்கு அஞ்சிக் காலையே பார்த்து நடக்கும் பிள்ளையை நிறுத்தி, பலவினப் பறவைகள் ஒன்றாகக் கூடி இரைதேடுவதை அவர்கள் காட்டுகின்றனர். சிலம்பன்கள் இலைகளைக் கிளறிப் பூச்சிகளை எழுப்புவதும், கரிச்சான் ஆபத்தைக் கண்டு குரல்கொடுப்பதும் விளக்கப்பட்டபின், அப்பிள்ளைக்கு அது வெறும் பறவைச் சத்தமாக இராது.

ஐக்கிய அமெரிக்காவின் மாநிலப் பூங்காக்களில் இத்தகைய வழிகாட்டல் ஒரு கல்விப் பணியாகவே வளர்ந்துள்ளது. 1992இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் புளூ ஹில்ஸ் வனத்தில் புத்தாண்டுத் தினத்தன்று ஆரம்பிக்கப்பட்ட நடைப்பயணம், 2012இல் 50 மாநிலங்களின் பூங்காக்களிலும் இடம்பெறும் அளவுக்குப் பரவியது. இப்பணிக்கு அடிப்படை வகுத்தவர்களுள் ஒருவரான பிறீமன் ரில்டன், 1957இல் வெளியிட்ட நூலிலே, தகவல்களை அடுக்குவதைவிடக் கேட்போரின் ஆர்வத்தைத் தூண்டுவதே வழிகாட்டியின் பணி என்று வலியுறுத்தினார். எமது ஆசிரியர்களும் மனங்கொள்ளத்தக்க கருத்து இது.

இனி எமது வடபகுதியை நோக்குவோம். திருத்தந்தை பிரான்சிஸ் மடுத் திருத்தலத்திற்கு வந்தது 2015 ஜனவரியில். சூழலியற் கல்வியையும் வலியுறுத்திய ‘இறைவா உமக்கே புகழ்’ எனும் சுற்றுமடல் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. மடு வீதி, சுண்டிக்குளம், நெடுந்தீவு, ஆதாம் பாலம் ஆகியன தேசியப் பூங்காக்களாகப் பிரகடனப்படுத்தப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் எமது மக்களுட் பலர் இப்பாதுகாப்பை எல்லைக்கல்லாகவும் தடையாகவும் மாத்திரமே அறிவர். தலைமுறையாகப் பயிர்செய்த காணி போய்விட்டதென முறையிடுவோரின் குரல் நியாயமாகக் கேட்கப்படவேண்டியதே. காணிப் பிணக்குகள் தீர்க்கப்படுவதுடன், காட்டின் கதவும் அம்மக்களுக்குத் திறக்கப்படவேண்டும். தம்மை அந்நியராக நடத்தும் காட்டை எவரும் மனமுவந்து காக்கமாட்டார்.

ஆகவே, வடக்கின் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் தமிழில் விளக்கவல்ல வழிகாட்டிகள் நியமிக்கப்படுதல் வேண்டும். அயற்கிராமத்து இளைஞர், யுவதிகளே அதற்கு மிகப் பொருத்தமானவர்கள். தேன் எடுத்தும் விறகு பொறுக்கியும் காட்டை அறிந்த முதியோரின் அறிவு அவர்கள் வழியாகப் பிள்ளைகளைச் சேரும். அவர்களுக்கும் ஊரிலேயே ஒரு தொழில் கிடைக்கும். யானை நடமாடும் காட்டிற்குப் பிள்ளைகளை அனுப்பலாமா என்று பெற்றோர் தயங்குவது இயல்பு. வழி அறிந்தவர் உடன் வரவேண்டும் என்பதற்கு அதுவே தலையாய காரணமாகும்.

அதுவரை நாமும் வாளாவிருக்க வேண்டியதில்லை. மன்னார் வங்காலைக் கரையோரம் 2008 முதல் சரணாலயமாகவும், 2010 முதல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த றம்சார் ஈரநிலமாகவும் உள்ளது. குளிர்காலத்தில் வலசை வரும் பறவைகளை அங்கே காணலாம். மறைக்கல்வி மாணவரை ஒரு காலைப்பொழுது, அவற்றை இனங்காட்டத் தெரிந்த ஆசிரியர் ஒருவருடன் அழைத்துச்செல்வதற்குப் பெருஞ்செலவு ஆகாது. மடுவின் ஆடித் திருவிழாக் காலத்தை அண்டிப் பாலை பழுக்கின்றது. கரடி அப்பழத்தை விரும்பி உண்பதையும், அதன் எச்சத்தினூடாகவே விதைகள் பரவிப் புதுமரங்கள் முளைப்பதையும் யாத்திரை வரும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கலாம்.

வானத்துப் பறவைகளையும் வயல்வெளி மலர்களையும் கவனிக்குமாறு ஆண்டவர் மக்களுக்குக் கற்பித்தது திறந்த வெளியிலேயே. அவர் சுட்டிக்காட்டியவை கேட்போரின் கண்முன்னே இருந்தன. எமது பிள்ளைகளும் அவ்வாறு கண்டு கற்பதற்குப் பெற்றோரும் பங்குச் சமூகமும் ஆவன செய்தல் வேண்டும்.